சங்கத்துக்கு மென்பொருள் செய்யப் போகிறீர்களா? திரை வரைய முன் சேவையைக் கண்டுபிடியுங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குக் கொழும்புக் கம்பனியில் வேலை கிடைக்குமோ இல்லையோ, ஊரில் யாராவது ஒருவர் "எங்களுக்கு ஒரு சிஸ்டம் செய்து தாங்கோ" என்று கேட்பது நிச்சயம். கேட்பவர் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருக்கலாம், அரிசி ஆலைக்காரராக இருக்கலாம், மீனவர் சங்கமாகவும் இருக்கலாம். கேட்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான்: "இந்தக் கொப்பியில இருக்கிறதெல்லாம் கொம்பியூட்டரில வரவேணும்."

அன்றிரவே மடிக்கணினியைத் திறந்து லொகின் திரை, அங்கத்தவரைச் சேர்க்கும் திரை, அறிக்கைத் திரை என்று வரையத் தொடங்குவதுதான் புதியவர்களின் வழக்கம். மென்பொருளும் ஓடும். ஆனால் சங்கத்தில் பழைய சி.ஆர் கொப்பியும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கொப்பியின் நிரல்களைக் கணினிக்குள் கொண்டுபோனவர், அந்தக் கொப்பி எந்த வேலைக்காக வைக்கப்பட்டது என்று கேட்டிருக்க மாட்டார். அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறைகளைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் குளத்தின் கீழ் உள்ள விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம். போகத் தொடக்கத்தில் அங்கத்தவர்களுக்கு விதைநெல்லும் உரமும் கடனாகக் கொடுக்கிறது. உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்கு விடுகிறது. அறுவடையில் நெல்லை வாங்கி, கடனைக் கழித்து, மிச்சக் காசைக் கொடுக்கிறது. வாங்கிய நெல்லை ஆலைக்கு விற்கிறது. முகாமையாளர், காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என்று மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மேலே ஒரு நிர்வாக சபை.

எது சேவை, எது சேவை இல்லை

வணிகச் சேவை என்றால், வெளியே உள்ள ஒருவர் கேட்டு, நிறுவனம் செய்து, கடைசியில் அவர் கையில் ஒரு பயன் வந்து சேரும் வேலை. "போகக் கடன் வழங்கல்" ஒரு சேவை. விதைநெல்லும் உரமும் அங்கத்தவர் வீட்டுக்குப் போகின்றன. "பேரேட்டில் பதிதல்" சேவை இல்லை. அது அந்தச் சேவைக்குள் நடக்கும் ஒரு காரியம். "கணக்குப் பிரிவு" என்பதும் சேவை இல்லை, அது ஆட்கள் உட்காரும் இடம். "மாதாந்த அறிக்கைத் திரை" என்பது சேவைக்கு வெகு தூரம்.

சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் பெறுபவர் யார்? முடிந்ததும் அவர் கையில் என்ன இருக்கும்? கணினியே இல்லாத காலத்திலும் இது நடந்திருக்குமா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பெரும்பாலும் அது சேவைதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மென்பொருள்காரர் "சேர்விஸ்" என்றால் வெப் சேர்விஸ், மைக்ரோசேர்விஸ் என்று நினைப்பார். அது தொழில்நுட்பத் துண்டு. ஒரு வணிகச் சேவைக்குப் பின்னால் அப்படிப் பல துண்டுகள் இருக்கலாம். ஒன்றுகூட இல்லாமல் ஒரு தாளும் பேனாவும் இருக்கலாம். இப்போது நாம் தேடுவது வணிகச் சேவையை. தேவை என்பது, அந்தச் சேவை சரியாக நடக்க மென்பொருள் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்று சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதிய வாக்கியம். சேவை முதலில், தேவை பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் தேவைப் பட்டியல் நீளும், ஆனால் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

படி 1: எல்லையும் ஆட்களும்

ஒரு தாளின் நடுவில் வட்டம் போட்டுச் சங்கத்தின் பெயரை எழுதுங்கள். சுற்றிவர, சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எல்லோரையும் போடுங்கள்: அங்கத்தவர், உரக் கடை, ஆலை, வங்கி, கமநல சேவை நிலையம், கணக்காய்வுக்கு வரும் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம். ஒவ்வொருவருக்கும் உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று அம்புக்குறி போடுங்கள். இதைச் சூழல் வரைபடம் என்பார்கள்.

பிறகு ஆட்கள். காசு கொடுப்பவர், பயன்படுத்துபவர், பயன் பெறுபவர் மூவரும் ஒரே ஆள் இல்லை. தலைவர் கேட்டார் என்பதால் தலைவரோடு மட்டும் பேசிவிட்டு வரக் கூடாது. குறிப்பாக இரண்டு பேரைத் தவறவிடாதீர்கள். ஒருவர் களஞ்சியப் பொறுப்பாளர். எந்த உர மூட்டை ஈரமானது, யாருக்கு எது பாதி கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். மற்றவர், பற்றுச்சீட்டோடு வரும் அங்கத்தவரின் மனைவி. கணவர் வயலில் நிற்க, சங்கத்துக்கு வந்து வரிசையில் நிற்பவர் பல வீடுகளில் அவர்தான். குடும்பத்தைத் தனியே நடத்தும் பெண்கள் வன்னியில் நிறையப் பேர். அவர்களே அங்கத்தவராக இருந்தாலும் கூட்டத்தில் பின் வரிசையில் இருப்பார்கள், பேச மாட்டார்கள். தனியாகப் போய்க் கேளுங்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காலபோக அறுவடை பொதுவாகத் தை, மாசி என்று நடக்கும். அந்த நாட்களில் முகாமையாளரை இருத்தி ஒரு மணித்தியாலம் நேர்காண நினைத்தால் நடக்காது. ஆனால் சும்மா நின்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

படி 2: நடப்பவற்றைப் பட்டியலிடுங்கள்

சேவையை நேரடியாகக் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. "உங்கள் சங்கத்தின் சேவைகள் என்ன?" என்றால் யாப்பின் முதல் பக்கத்தில் உள்ளதை ஒப்பிப்பார்கள். நிகழ்வுகளைக் கேட்டால் பேச்சு தானாக வரும். 1984இல் மக்மெனமின், பாமர் என்ற மென்பொருள் பகுப்பாய்வாளர்கள் முன்வைத்த முறை இது: ஒரு அமைப்பு எந்தெந்த நிகழ்வுகளுக்குப் பதில் செய்ய வேண்டும் என்று முதலில் பட்டியலிட்டு, அந்த நிகழ்வுகளின் வழியே அமைப்பைப் பிரிப்பது.

நிகழ்வு மூன்று வகையாக வரும். வெளியே இருந்து ஒருவர் தொடங்கி வைப்பது: அங்கத்தவர் உரம் கேட்கிறார், ஆலைக்காரர் லொறி அனுப்புகிறார். நேரம் வந்ததும் தொடங்குவது: போகம் முடிகிறது, தவணை கடக்கிறது, கணக்காய்வு வருகிறது. மூன்றாவது, நடக்க வேண்டியது நடக்காமல் போவது: நெல் கொண்டுவருவதாகச் சொன்னவர் வரவில்லை, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லை. புதியவர்கள் மூன்றாவது வகையை எப்போதும் விட்டுவிடுவார்கள். ஆனால் சங்கத்தின் தலையிடி முழுக்க அங்கேதான்.

இதைக் கூட்டாகச் செய்ய, 2013 அளவில் அல்பெர்டோ பிராண்டோலினி என்ற மென்பொருள் ஆலோசகர் அறிமுகப்படுத்திய இவென்ட் ஸ்டோர்மிங் நல்ல வழி. ஒவ்வொரு நிகழ்வையும் இறந்த காலத்தில் ஒரு துண்டில் எழுதி, நேர ஒழுங்கில் சுவரில் ஒட்டுவது. "பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்தது", "கடன் அனுமதிக்கப்பட்டது", "உரம் ஏற்றப்பட்டது", "நெல் நிறுக்கப்பட்டது", "கடன் கழிக்கப்பட்டது". செம்மஞ்சள் ஒட்டுத்தாள் வேண்டும் என்பார்கள். பழைய கலண்டர் தாளை வெட்டினாலும் போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஒட்டி முடிந்ததும் சண்டை வரும். வரட்டும். "கடன் அனுமதிக்கப்பட்ட பிறகுதான் உரம் கொடுப்பம்" என்று முகாமையாளர் சொல்ல, "எங்க, போன மாரியில அனுமதிக்கு முந்தியே பாதிப் பேருக்குக் குடுத்தாச்சு" என்று களஞ்சியக்காரர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்புக்காகத்தான் இந்தக் கூட்டமே. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் வரவில்லை. இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

படி 3: தாள்களைப் படியுங்கள்

சங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பதிவேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், எக்செல் கோப்பு, வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் எடுங்கள். வெற்றுப் படிவத்தை மட்டும் எடுத்தால் பயனில்லை, நிரப்பியதும் வேண்டும். நிரப்பியதைப் படம் எடுக்கும்போது பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை மறையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது, அதைவிட ஊரில் உங்கள் பெயரும் இருக்கிறது.

பிறகு ஓரங்களைப் படியுங்கள். அச்சிட்ட நிரல்களில் உள்ளது சங்கம் செய்ய நினைத்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியது சங்கம் உண்மையில் செய்வது. கொள்முதல் புத்தகத்தில் "நிறை" என்ற நிரலுக்குப் பக்கத்தில் சின்னதாக "-2" என்று இருக்கிறதா? எதற்குக் கழித்தார்கள்? சாக்கின் நிறையா, ஈரத்துக்கான கழிவா? நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனைத்தான் எதிர்பார்க்கும். சங்கத்தில் ஈரமானி இல்லையென்றால் கையில் அள்ளி, பல்லில் கடித்துப் பார்த்து ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு எந்த யாப்பிலும் இல்லாத ஒரு வணிக விதி. கமக்காரர் சங்கத்தை நம்புவதும் நம்பாததும் அந்த விதியில்தான்.

வேறு காரியத்துக்குப் பயன்படும் நிரல்களையும் தேடுங்கள். "தொலைநகல்" என்று அச்சிட்ட இடத்தில் எல்லோரும் வாட்ஸ்அப் இலக்கம் எழுதியிருப்பார்கள். "வேறு" என்ற நிரலில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், அது ஒரு நிலையைக் குறிக்கிறது. கேட்டு அறியுங்கள்.

பழைய கணினிக் கோப்புகள் பெரும்பாலும் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடலும் வராது, அகரவரிசையும் வராது. இதை இப்போதே ஒரு தேவையாகக் குறித்துவையுங்கள், கடைசி வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டாம்.

படி 4: "ஏன்" என்று மேலே ஏறுங்கள்

இதுவரை கீழிருந்து பார்த்தோம். தாள்களை மட்டும் பார்த்தால் இன்றைக்கு நடப்பதைத்தான் கண்டுபிடிப்போம். நடக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க மேலிருந்து வர வேண்டும். ஐ.பி.எம் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோமா என்ற முறையில் சேவைகளை அடையாளம் காண மூன்று வழிகளைச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்: தொழில் களத்தை மேலிருந்து பிரிப்பது, இருக்கும் அமைப்புகளைக் கீழிருந்து ஆராய்வது, நோக்கங்களில் இருந்து நடுவே சந்திப்பது. பெரிய வங்கிகளுக்காகச் செய்த முறைதான். ஆனாலும் மூன்று பேர் வேலை செய்யும் சங்கத்துக்கும் அந்த மூன்று திசையும் வேண்டும். ஆவணங்கள்தான் அத்தனை வேண்டாம்.

நோக்கத்தைத் தேடும் உரையாடல் இப்படிப் போகும்.

"கொப்பியெல்லாம் ஏன் கணினிக்கு வரவேணும் ஐயா?"
"கணக்காய்வுக்குச் சுணங்குது தம்பி."
"எதில சுணங்குது?"
"கடன் நிலுவை எடுக்கேலாமல் கிடக்கு. மூண்டு புத்தகம் பாக்கவேணும்."
"நிலுவை வேற ஆர் கேக்கிறவை?"
"அங்கத்தவர்தான். வெட்டுக்கு முதல் வந்து கேப்பினம். உடன சொல்லேலாது. அவை போய் வெளி வியாபாரிக்கு நெல்லைக் குடுத்திடுவினம்."

இங்கேதான் விசயம் வெளியே வருகிறது. கணக்காய்வு வெளியில் தெரியும் பிரச்சினை. சங்கத்துக்கு நெல் வராமல் போவது உள்ளே இருக்கும் பிரச்சினை. எந்தக் கொப்பியிலும் இல்லாத ஒரு சேவை இப்போது தெரிகிறது: "கடன் நிலுவை அறிவித்தல்". அங்கத்தவர் அறுவடைக்கு முன் கேட்டதும் அதே இடத்தில் சரியான தொகையைச் சொல்வது. தாள்களை மட்டும் பார்த்தவர் இதை ஒருபோதும் கண்டிருக்க மாட்டார்.

"ஏன்" மேலே ஏற்றும், "எப்படி" கீழே இறக்கும். மேலே ஏறி ஏறி "நாட்டின் உணவுப் பாதுகாப்பு" வரை போய்விட்டால் நிறுத்துங்கள். சங்கம் தன் கையால் மாற்றக்கூடிய இடத்தோடு போதும்.

படி 5: குவித்துச் சேவையாக்குங்கள்

இப்போது கையில் நாற்பது ஐம்பது செயல்கள் இருக்கும். இவற்றை எத்தனை சேவையாக வகுப்பது? புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

ஐ.பி.எம் 1970களில் பரப்பிய வணிக அமைப்புத் திட்டமிடல் முறையில் ஒரு எளிய அட்டவணை உண்டு. இன்றைக்கும் அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. இடப்பக்கம் செயல்கள், மேலே தரவுகள். ஒரு செயல் ஒரு தரவை உருவாக்கினால் "உ", பயன்படுத்தினால் "ப". பிறகு நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றி, "உ" எல்லாம் மூலைவிட்டத்தில் வரும்படி செய்யுங்கள். கூட்டம் கூட்டமாக நிற்பவை சேவைகளாக வரக்கூடியவை. நம் சங்கத்தில் கடன் விண்ணப்பம், அனுமதி, உர வழங்கல், விதைநெல் வழங்கல் நான்கும் ஒரே கடன் பதிவைச் சுற்றி நிற்கும். நிறுத்தல், ஈரக் கழிவு, விலை, கொடுப்பனவு ஆகியன கொள்முதல் பதிவைச் சுற்றி நிற்கும். அங்கத்தவர் விபரம் மட்டும் எல்லா நிரையிலும் "ப" ஆக வரும். அப்படி எல்லோரும் பயன்படுத்துவது தனியான துணைச் சேவை.

உரத்தையும் விதைநெல்லையும் ஒரு சேவையாக வைப்பதா, இரண்டாகவா? விதி ஒன்றா, பொறுப்பாளர் ஒருவரா, மாறினால் இரண்டும் சேர்ந்து மாறுமா என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் அதை நீக்கினார்கள். அந்த மாதங்களில் உர வழங்கலின் விதிகள் தலைகீழாக மாறின. விதைநெல் வழங்கல் மாறவில்லை. ஆகவே கடன் என்ற வகையில் இரண்டும் ஒன்று, வழங்கல் விதி என்ற வகையில் வேறு வேறு. நான் "போகக் கடன்" என்று ஒரு சேவையாக வைத்து, எந்தப் பொருளுக்கு எந்த விதி என்பதை உள்ளே மாற்றக்கூடிய அட்டவணையாக வைப்பேன். வேறொருவர் இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்ததற்குக் காரணம் எழுதியிருந்தால் அதுவும் சரி.

சங்கத்துக்கு ஐந்து முதல் ஏழு சேவை வந்தால் நம்பலாம். முப்பது வந்தால் நீங்கள் திரைகளை எண்ணுகிறீர்கள்.

படி 6: சேவைக்கு ஓர் அட்டை

ஒவ்வொரு சேவைக்கும் அரைப் பக்கம் போதும்.

பெயர்: நெல் கொள்முதல்
பெறுபவர்: அங்கத்தவர், அல்லது அவர் எழுத்தில் நியமித்தவர்
தொடக்கம்: நெல் மூட்டைகள் களஞ்சிய வாசலுக்கு வருதல்
முடிவு: நிறை, கழிவு, விலை, கழித்த கடன், மிச்சத் தொகை எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு கையில் இருத்தல்
வாக்குறுதி: நிறுத்து முடிந்த அன்றே பற்றுச்சீட்டு, காசு எப்போது என்பது சபை தீர்மானித்தபடி
விதிகள்: ஈரக் கழிவு, சாக்குக் கழிவு, கடன் கழிக்கும் உச்ச வீதம்
பொறுப்பு: களஞ்சியப் பொறுப்பாளர் நிறைக்கு, காசாளர் தொகைக்கு
விலகல்கள் (வழக்கத்துக்கு மாறாக நடப்பவை): கீழே பார்க்க

"வாக்குறுதி" என்ற வரியை நிரப்ப முடியாமல் சபை திணறினால் நல்ல அறிகுறி. அதுவரை யாரும் அதைப் பேசியதில்லை என்று அர்த்தம். அதை நீங்களாக நிரப்பாதீர்கள்.

படி 7: விலகல்களில் இருந்து தேவைகளை எடுங்கள்

வழக்கமான பாதையை எல்லோரும் சொல்வார்கள். "எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது தம்பி" என்பது வெளியாளுக்குச் சொல்லும் முதல் பதில். "வழக்கமாக என்ன செய்வீர்கள்" என்று கேட்காமல் "கடைசியாக வந்தவருக்கு என்ன செய்தீர்கள், அந்தச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்புறம் "இதில் பிரச்சினை வந்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்". இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் தேவைகள் கொட்டும். வன்னியில் எந்தச் சங்கத்தில் கேட்டாலும் பின்வருபவற்றில் பாதியாவது வரும்.

காணி. குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகள். பேர்மிற் தாத்தாவின் பெயரில் இருக்கும், அவர் காலமாகியிருப்பார், மகன் கனடாவில், வயலைச் செய்பவர் குத்தகைக்காரர். கடன் யாருக்கு? நெல் யாருடையது? "உரிமையாளர்" என்று ஒரே ஒரு நிரல் வைத்த மென்பொருள் முதல் வாரத்திலேயே பொய் சொல்லத் தொடங்கும். அனுமதிப்பத்திரக்காரர், செய்கை பண்ணுபவர், கடன் பொறுப்பாளர் மூவரும் மூன்று பாத்திரங்கள். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம். அதோடு, ஒரு துண்டை யார் செய்கிறார் என்பது போகத்துக்குப் போகம் மாறும். ஆகவே போகம் என்பதே அமைப்பின் மையமான தரவு. காலபோகம், சிறுபோகம் என்று ஆண்டுக்கு இரண்டு. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். சில ஆண்டுகளில் பங்கு முறையில் பிரித்து, ஒருவர் இன்னொருவரின் வயலிலும் செய்வார். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கணக்குப் போடும் மென்பொருளுக்கு இங்கே வேலையில்லை.

பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் நம் ஆட்கள் எதை எங்கே எழுதுவார்கள்? தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயர் நாலு பேருக்கு இருக்கும். சங்கத்தில் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்து அறிவார்கள். அதைப் பற்றுச்சீட்டில் அச்சிட முடியாது என்றாலும், தேடுவதற்கு ஓர் உட்குறிப்பு இடம் தேவை.

அடையாள அட்டை. பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வழங்குவதில் 12 இலக்கம். ஒருவரே இரண்டு அட்டையோடும் வருவார். இரண்டையும் ஒரே ஆளாக இணைக்காவிட்டால் ஒருவருக்கு இரண்டு கடன் போகும். போரில் ஆவணங்களை இழந்து, பிறகு மறுபதிவு செய்தவர்களின் பிறந்த திகதியில் வேறுபாடுகளும் இருக்கலாம். "பொருந்தவில்லை" என்று அமைப்பு ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது, முகாமையாளரின் முடிவுக்குவிட வேண்டும்.

இடம். நிறுப்பது களஞ்சிய வாசலில், சில நாள் வயல் ஓரத்தில். அங்கே மின்சாரம் இல்லை, சிக்னல் ஒரு கோடு. ஆகவே இணைப்பு இல்லாமல் நிறையைப் பதியவும், பிறகு சேர்க்கவும் வேண்டும். இரண்டு கருவியில் ஒரே மூட்டை பதிவானால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைவில் வைத்தால், தரவின் பிரதி வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

படி 8: எழுதுங்கள்

"மென்பொருள் வேகமாகவும் இலகுவாகவும் இருக்க வேண்டும்" என்பது விருப்பம். தேவை என்றால் சோதிக்க முடிய வேண்டும். ஐ.எஸ்.ஓ, ஐ.ஈ.சி, ஐ.ஈ.ஈ.ஈ என்ற சர்வதேச அமைப்புகள் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட 29148 தரநிலை, 2018 பதிப்பு, நல்ல தேவைக்கான பண்புகளைச் சொல்கிறது: ஒரே பொருள் தருவது, ஒரு வாக்கியத்தில் ஒன்றையே கேட்பது, செய்யக்கூடியது, சரிபார்க்கக்கூடியது என்று. வாக்கியத்தை அமைக்க, ரோல்ஸ் ரொய்ஸில் அலிஸ்டர் மேவின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஈயர்ஸ் அச்சு உதவும். நிபந்தனை முதலில், செயல் பிறகு:

தே-14. கடைசி மூட்டையின் நிறை பதிவானதும், அமைப்பு மொத்த நிறை, கழிவு, கழித்த கடன், மிச்சத் தொகை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட வேண்டும்.
தே-15. பற்றுச்சீட்டு அச்சிட்ட பின் நிறையைத் திருத்த முயன்றால், அமைப்பு பழைய நிறையை அழிக்காமல், திருத்தியவர், நேரம், காரணம் ஆகியவற்றோடு புதிய பதிவை இட வேண்டும்.
தே-16. இணைய இணைப்பு இல்லாதபோதும், அமைப்பு ஒரு முழு நாளின் கொள்முதலைப் பதிய இடம் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி: எந்தச் சேவை, எப்படிச் சோதிப்பது. தே-16க்குச் சோதனை எளிது: காலையில் ரௌட்டரை நிறுத்திவிட்டு மாலையில் எண்ணிக்கையை ஒப்பிடுவது. "ஒரு முழு நாள்" என்பது எத்தனை மூட்டை என்பதைப் போன அறுவடைக் கொப்பியில் அதிகம் வந்த நாளைப் பார்த்து எழுதுங்கள், ஊகிக்காதீர்கள்.

தரத் தேவைகளுக்கு, அதாவது எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்கு, ஐ.எஸ்.ஓ, ஐ.ஈ.சி 25010 என்ற மென்பொருள் தரத்துக்கான தரநிலையின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தலைப்பாக இந்தச் சங்கத்துக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள். எல்லாத் தலைப்பையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் யார் எதைத் திருத்தலாம் என்ற பாதுகாப்புக் கேள்வியைச் சங்கத்தில் யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். யூசர் ஸ்டோரி, அதாவது பயன்படுத்துபவரின் பார்வையில் ஓரிரு வரியில் தேவையைச் சொல்லும் குறிப்பு, எழுதிப் பழகியவர்கள் அப்படியே எழுதலாம். ஆனால் அது பேச வேண்டியதை நினைவூட்டும் சீட்டு மட்டுமே. ஈரக் கழிவு விதியை ஒரு ஸ்டோரிக்குள் அடக்க முடியாது.

படி 9: எது முதலில்

கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது இல்லை என்று நான்காகப் பிரிக்கும் மொஸ்கோ முறையை 1994இல் டாய் கிளெக் உருவாக்கினார். நிர்வாக சபையில் இதைக் கேட்டால் எல்லாமே "கட்டாயம்" ஆகிவிடும். கேள்வியைப் போகத்தோடு கட்டிவிடுங்கள்: "வரும் காலபோக வெட்டுக்கு முதல் இது இல்லாவிட்டால் கொள்முதல் நின்றுவிடுமா?" நிற்கும் என்றால் கட்டாயம். நிற்காது, கொப்பியால் சமாளிக்கலாம் என்றால் அடுத்த போகம். தலைவரின் கைப்பேசிக்கு நிறநிறமாய் வரைபடம் வருவது இந்தக் கேள்வியில் தானாகவே பின்னுக்குப் போகும், நீங்கள் மறுத்துப் பேச வேண்டியிருக்காது.

படி 10: சரிபார்ப்பு

ஒரு பக்கம் சேவைகள், மறுபக்கம் தேவைகள் என்று அட்டவணை போடுங்கள். எந்தச் சேவையோடும் சேராத தேவை இருந்தால், அது உங்கள் சொந்த ஆசை, வெட்டுங்கள். தேவையே இல்லாத சேவை இருந்தால் எதையோ கேட்க மறந்துவிட்டீர்கள்.

பிறகு தாளில் வரைந்த திரைகளோடு களஞ்சியத்துக்குப் போய், ஒரு உண்மையான கொள்முதலை முதலில் இருந்து கடைசி வரை நடத்திப் பாருங்கள். களஞ்சியக்காரர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு தேவை குறைகிறது. ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கோ" என்றால் "நல்லாயிருக்கு" என்ற பதில்தான் வரும். கூட்டத்தில் உரத்து வாசியுங்கள், ஒவ்வொரு தேவையாக. சலிப்பாகத்தான் இருக்கும். தே-15ஐ வாசிக்கும்போது சபையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் அவ்வளவு சலிப்பு இருக்காது.

கையெழுத்து வாங்கும்போது பதிப்பு இலக்கமும் திகதியும் போடுங்கள். மாறக்கூடிய விதிகளை, அதாவது உர வகை, கழிவு வீதம், வட்டி, உத்தரவாத விலை ஆகியவற்றைத் தனி இணைப்பாக வையுங்கள். சபை மாறினாலும் அரசு அறிவித்தல் மாறினாலும் அந்த இணைப்பை மட்டும் மாற்றிப் புதிய இலக்கம் போடலாம். தமிழில் அச்சிட்ட ஒரு பிரதியைச் சங்கத்தின் கோவையில் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முகாமையாளர் உங்களை வேறு ஊரில் இருந்து தொலைபேசியில் அழைக்கும்போது, இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.